வளரி: கிளை தேடுவதிலிருந்து குறி தப்பாத வீச்சு வரை

வளரி என்னும் வளைந்த எறிதடியைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் முதல் கேள்வி, "எறிந்தால் கைக்குத் திரும்பி வருமா?" என்பதுதான். வராது. வரவும் வேண்டாம். புதரிலிருந்து கிளம்பி ஓடும் முயலின் காலை நோக்கி எறிகிற தடி நேராகப் போக வேண்டும், தாழ்வாகப் போக வேண்டும், போய்ச் சேரும்போதும் பலம் குறையாமல் இருக்க வேண்டும். நம் ஊர் வளரி அதற்காகவே உருவான கருவி.

சிவகங்கைப் பக்கம் ஒரு மரத்தச்சரிடம் கூடவே இருந்து செதுக்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் பல ஆண்டுகள் உழுத புஞ்சைகளில் எறிந்து எறிந்து பழகினேன். தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதைப் படித்து நீங்களே ஒரு வளரியைச் செய்து, பதினைந்து மீட்டரில் நிற்கும் சாக்கு மூட்டையை அடிக்க முடிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வளைவு எதற்கு

ஒரு கல்லை எறிந்தால் அது தன் அகலத்துக்குள் வருவதை மட்டுமே அடிக்கும். எலுமிச்சை அளவுக் கல் என்றால் குறியும் அந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். முனைக்கு முனை 45 செ.மீ. இருக்கும் வளரியோ சுழன்றுகொண்டே போகிறது. போகிற வழியில் ஏறக்குறைய அரை மீட்டர் அகலத்துக்கு எதையும் விடாது. ஓடுகிற முயலும் தத்திப் பறக்கிற கௌதாரியும் கல்லுக்குத் தப்பி வளரிக்குச் சிக்குவது இதனால்தான்.

நேர்க்கம்பும் சுழலுமே என்று கேட்கலாம். சுழலும்; ஆனால் காற்றில் அது சீக்கிரமே புரண்டு நிலை குலையும். வளைந்த தடி ஒரே தளத்தில், தட்டு சுழல்வதுபோலச் சுழலும். சுழற்சிதான் அதன் போக்கைப் பிடித்துவைக்கிறது. திரும்பி வரும் பூமராங் இலேசானது. அதன் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் இருக்கும். வளரிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், கனமும் அதிகம். அதனால் காற்று அதை வளைத்துத் திருப்புவதில்லை. ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் வேட்டைத் தடிகளிலும் பெரும்பாலானவை இப்படித் திரும்பாதவையே.

கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள

வளைதடி, கள்ளர்தடி என்றும் இதைச் சொல்வதுண்டு. தடியை எறிந்து முயலைத் துரத்தும் பழக்கம் மிகப் பழையது. ஆயர்கள் எறிந்த குறுங்கோலுக்கு வெருண்டு நெடுஞ்செவிக் குறுமுயல் துள்ளுகிற காட்சி புறநானூற்றிலேயே வருகிறது. அந்தக் கோல் வளைந்ததா நேரானதா என்று பாட்டு சொல்லவில்லை. ஆகவே அதையே வளரி என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன்.

கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் இளம் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. இதை வெல்ஷே எழுதிவைத்திருக்கிறார். தேர்ந்த கையில் இருந்தால் 100 கெஜத்துக்குள் குறி தப்பாது என்றும் சொல்கிறார். அது ஏறக்குறைய 91 மீட்டர். 1801இல் அதே வெல்ஷ் மருது சகோதரர்களுக்கு எதிரான படையில் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மருதிருவரும் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கற்றுக்கொடுத்தவரின் முடிவைக் கற்றுக்கொண்டவர் எதிர்ப்பக்கம் நின்று பார்க்க நேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அதன்பின் பாளையங்களில் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. வைத்திருப்பதும் தடை செய்யப்பட்டது. நூறு ஆண்டுகள் கழித்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் தொகுத்த குறிப்புகளைப் பார்த்தால், புதுக்கோட்டைச் சீமையில் வீசத் தெரிந்த வல்லவர்கள் இல்லாமல்போய், முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எப்போதாவது எறிவதோடு வளரி ஒதுங்கியிருக்கிறது. பூசை அறையில் இருக்கும். ஆயுத பூசையன்று எடுத்துத் துடைத்து வைப்பார்கள். கள்ளர் திருமணங்களில் இரு வீட்டாரும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் அவர் குறித்திருக்கிறார். தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையில் இருந்த தந்த வளரிகள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

இன்று ஒரே வீச்சில் பத்துத் தலை உருண்டது என்பதுபோன்ற கதைகள் நிறையச் சுற்றுகின்றன. அவை வேண்டாம். 90 மீட்டருக்குக் குறி வைத்துப் போட்ட கைகள் இருந்தன என்ற உண்மையே போதும்.

சட்டம்

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல், கௌதாரி, காடை, மயில் எதையும் வேட்டையாடுவது குற்றம். முயன்று தவறவிட்டாலும் அது வேட்டையாகவே கொள்ளப்படும். கோயில் திருவிழாவையொட்டிப் பாரிவேட்டைக்குப் போகிற ஊர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. தெருநாய், ஆடு, காக்கை என்று எந்த உயிர் மேலும் எறிந்து பார்க்கக் கூடாது. இந்த வழிகாட்டியில் இலக்கு என்று வரும் இடமெல்லாம் சாக்கையும் வாழைமரத்தையும் மட்டுமே குறிக்கும். இரும்பில் செய்யாதீர்கள், விளிம்பைக் கூராக்காதீர்கள். மரத்தடியே எலும்பை முறிக்கும்.

முதல் படி: கிளை

பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பலகையில் வளைவாகக் கோடு போட்டு அறுத்தால் வளரி கிடைத்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படிச் செய்த என் முதல் தடி மூன்றாம் வீச்சிலேயே நடுவில் பிளந்தது. உடைந்த துண்டைப் பார்த்துவிட்டு ஆசாரி சொன்னார்: "தம்பி, மரத்தோட ரேகை போற போக்குலதான் நீ போகணும். குறுக்க வெட்டுனா அது எப்படி உனக்கு நிக்கும்?" பலகையில் ரேகை நேராக ஓடும், நாமோ வளைவாக வெட்டுகிறோம். வளைவின் நடுவில் ரேகை குறுக்கே அறுபட்டுவிடுகிறது. கிளையே வளைந்து வளர்ந்திருந்தால் அதன் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடும். அதுதான் தடியின் உயிர்.

என்ன மரம்? கருவேலம் மிக நல்லது. வைரம் பாய்ந்த புளியங்கிளையும் அப்படியே. ஆனால் பழகுபவர்களுக்கு நான் சொல்வது சீமைக் கருவேலம். கட்டை கனமானது, காயும்போது அதிகம் முறுக்கிக்கொள்ளாது, வளைந்த கிளைக்கும் பஞ்சமே இல்லை. வேண்டாத மரம் என்று எல்லோரும் வெட்டித் தள்ளுவதால் நிலத்துக்காரரும் மகிழ்ச்சியாகவே கொடுப்பார், கேட்டுவிட்டு வெட்டுங்கள். முள் ஆழமாக இறங்கும், சீழ் வைக்கும். கெட்டியான செருப்பும் தோல் கையுறையும் இல்லாமல் போகாதீர்கள். முருங்கை, கல்யாண முருங்கை, வாதநாராயணன் போன்ற மென்மரங்கள் ஆகாது.

தேட வேண்டிய கிளை 6 முதல் 8 செ.மீ. குறுக்களவுள்ளதாக இருக்கட்டும். வளைவின் இரு முனைக்கும் ஒரு கயிற்றை நாண்போல இழுத்துப் பிடித்தால், கயிறு 50 செ.மீ. நீளமும், நடுவில் கயிற்றுக்கும் கட்டைக்கும் இடைவெளி 8 அல்லது 9 செ.மீ.யும் இருக்க வேண்டும். வளைவு ஒரே தளத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். கிளையைத் தரையில் படுக்கவைத்தால் முழுதும் படிய வேண்டும். பாம்புபோல நெளிந்த கிளையை விட்டுவிடுங்கள். நடுவில் கணு இருந்தாலும் விட்டுவிடுங்கள், உடைந்தால் அங்கேதான் உடையும். ஒரு முனை இயல்பாகவே பருத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கிற கிளை கிடைத்தால் விடாதீர்கள்.

வெட்டும்போது இரு பக்கமும் கூடுதலாக ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். காயும்போது முனைகள் வெடிக்கும், அதைப் பிறகு அறுத்தெறிந்துவிடலாம்.

இரண்டாம் படி: காயவிடுதல்

வெட்டிய அன்றே பட்டையை உரித்து, வளைவின் தளத்திலேயே ரம்பத்தால் நெடுக இரண்டாக அறுத்துவிடுங்கள். ஒரு கிளையில் இரண்டு வளரி கிடைக்கும். நடுவில் இருக்கும் மென்மையான சோறும் இரண்டாகப் பிரிந்துவிடும். அது முழுதாக உள்ளே இருந்தால் காயக் காயக் கட்டை பிளக்கும்.

வெட்டுமுனைகளில் மெழுகை உருக்கித் தடவுங்கள், பழைய பெயின்டும் போதும். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறுவதுதான் வெடிப்புக்குக் காரணம். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையில் படாமல் இரண்டு குச்சிகளின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டு மாதமாவது ஆகும். வாரம் ஒருமுறை எடைபோட்டு எழுதிவைத்தால் நல்லது; அடுத்தடுத்து இரண்டு மூன்று வாரம் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முறுக்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: செதுக்குதல்

கைரம்பம், வாச்சி (மரம் செதுக்கும் கைக்கருவி) அல்லது அகலமான உளி, கொட்டாப்புளி (மரச்சுத்தி), மர அரம், 60, 120, 220 எண் உப்புத்தாள்கள். இவை போதும்.

காய்ந்த கட்டையில் உருவத்தைப் பென்சிலால் வரையுங்கள். முனைக்கு முனை 45 செ.மீ. வீசும் முனையின் அகலம் 5 செ.மீ., நடுவில் 4, கைப்பிடியில் 2.5. கைப்பிடி முடியும் இடத்தில் ஒரு சிறு குமிழ் விடுங்கள். வியர்த்த கையிலிருந்து தடி நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். கனம் எங்கும் 2 செ.மீ., கைப்பிடியில் மட்டும் சற்று உருண்டையாக.

வாச்சியால் செதுக்கும்போது எப்போதும் வளைவின் மேட்டிலிருந்து முனையை நோக்கியே போங்கள். எதிர்ப்பக்கமாகப் போனால் வாய் ரேகைக்குள் புகுந்து சிராய் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வரைந்த கோட்டுக்கு அரை செ.மீ. முன்னாலேயே வாச்சியை வைத்துவிட்டு அரத்தை எடுங்கள். வெளிறிய ஓரக்கட்டை இருந்தால் முடிந்தவரை எடுத்துவிடுங்கள், அதில்தான் வண்டு விழும்.

குறுக்கே அறுத்துப் பார்த்தால் உடைக்காத மைசூர்ப் பருப்பின் வடிவம் தெரிய வேண்டும்: இரு பக்கமும் ஒரே அளவு மேடு, விளிம்பு மழுங்கல். ஒரு பக்கத்தை மட்டும் அதிகம் அராவிவிட்டால் தடி காற்றில் மேலே ஏறும் அல்லது ஒரு பக்கம் சாய்ந்து வளைந்து போகும். அதனால் பத்துத் தேய்ப்பு இந்தப் பக்கம் என்றால் பத்துத் தேய்ப்பு அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணை மூடி விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

சமன் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி தடியை ஆள்காட்டி விரலின் மேல் மாட்டித் தொங்கவிடுங்கள். விரலை மெல்ல நகர்த்தி, இரு முனையும் ஒரே மட்டத்தில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் கனமான முனையிலிருந்து ஏறக்குறைய 18 செ.மீ.யில் இருந்தால் சரி. கைப்பிடிப் பக்கம் வந்துவிட்டால் கைப்பிடியை இன்னும் மெலிதாக்குங்கள். மொத்த எடை 300 கிராமை ஒட்டி இருக்கட்டும். அதற்கு மேல் போனால் தோள்பட்டை நோகும். குறைந்தால் காற்று தூக்கிக்கொண்டு போகும்.

கடைசியாக, தடியைத் தரை ஓட்டின் மேல் படுக்கவையுங்கள். எங்காவது தூக்கலாக நின்று ஆடினால் முறுக்கல் இருக்கிறது. அந்த இடத்தைக் கொதிநீர் ஆவியில் நன்றாகக் காட்டி, இரு கையாலும் எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடியினர் சூடான சாம்பலில் வாட்டி இதையே செய்வார்கள்.

மூன்று உப்புத்தாளையும் வரிசையாகப் போட்டபின் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மூன்று நாள் தேயுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, பிறகு எறியுங்கள்.

நான்காம் படி: இடமும் இலக்கும்

உழுத புஞ்சைக்கு ஈடான இடம் இல்லை. தடி விழுந்தால் மண் தாங்கிக்கொள்ளும். வறண்ட கண்மாய் அகலமாக இருக்கும். ஆனால் தரை கல்லாக இறுகியிருந்தால் நல்ல தடியும் முனை சிதறும். முன்பக்கம் 100 மீட்டர், இரு புறமும் 30 மீட்டர் ஆளும் மாடும் இல்லாமல் வெறுமையாக இருக்க வேண்டும். கூட வருபவர்கள் எறிபவருக்குப் பின்னால், அதுவும் பத்தடி தள்ளி நிற்கட்டும். பக்கவாட்டில் நிற்பது மிக ஆபத்து: பழகாத கை தடியைத் தாமதமாக விட்டால் அது பக்கத்துக்குத்தான் பாயும். இருவர் சேர்ந்து பழகினால் ஒருவர் எறிந்து, தடி விழுந்து, இருவரும் சேர்ந்தே நடந்துபோய் எடுக்க வேண்டும்.

சாக்கில் வைக்கோலை அடைத்து, முழங்கால் உயரத்துக்கு நிறுத்துங்கள். தார் வெட்டிய வாழைமரம் இருந்தால் இன்னும் நல்லது. அடி விழுந்த இடம் தடம் பதிந்து தெரியும். பாறை, சுவர், பனை எதிலும் எறியாதீர்கள். தடி தெறித்து உங்கள் மேலேயே பாயலாம்.

ஐந்தாம் படி: வீச்சு

வலக்கைக்காரர்களுக்காக எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

மெலிந்த முனையைப் பிடியுங்கள். குமிழ் சுண்டுவிரலின் ஓரத்தில் முட்டட்டும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் பின்விளிம்பில். உள்ளங்கை முழுவதும் அழுத்திப் பிடிக்காதீர்கள். தோசைக்கரண்டியைப் பிடிக்கும் அளவு இறுக்கம் போதும். குழிந்த பக்கம் போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

இடக்கால் முன்னால், வலக்கால் பின்னால், இடத்தோள் இலக்கைப் பார்த்தபடி நில்லுங்கள். எறிவதற்கு முன் தோளுக்கு மேல் சில முறை சுழற்றி விடுவார்கள் என்று தர்ஸ்டனின் குறிப்பில் இருக்கிறது. வெறும் ஆர்ப்பாட்டமாக நான் முதலில் இதை ஒதுக்கினேன். பழகப் பழகத்தான் பயன் புரிந்தது. சுழற்றும்போது மணிக்கட்டு இளகுகிறது, தடியின் கனம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது, விடவேண்டிய கணமும் தாளம்போலத் தானாக வருகிறது. தொடக்கத்தில் இரண்டு சுற்று போதும்.

இரண்டாம் சுற்று முடிந்து கை பின்னால் போகும்போது எடை வலக்காலில் இருக்க வேண்டும். அங்கிருந்து இடுப்பு முதலில் திரும்பும், பிறகு தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. தடி தரைக்கு இணையாக, இடுப்புயரத்தில் பக்கவாட்டாக வர வேண்டும். கை இலக்கைச் சுட்டும் கணத்தில் மணிக்கட்டை வெடுக்கென்று சொடுக்கி விடுங்கள். தூரத்தைத் தோள் தரும், சுழற்சியை மணிக்கட்டு தரும். சுழற்சி இல்லாத வளரி வெறும் விறகுக்கட்டை. சரியாக விட்டால் ஒரு சத்தம் கேட்கும், கோழி இறக்கை அடிப்பதுபோல விட்டு விட்டு. அதைக் கேட்ட நாளில் நான் புஞ்சையில் தனியாக நின்று கத்தியிருக்கிறேன்.

பத்து மீட்டரில் தொடங்குங்கள். பத்துக்கு ஏழு விழுந்தபின் பதினைந்து, அப்புறம் இருபது. ஒரு நாளைக்கு முப்பது வீச்சுக்கு மேல் வேண்டாம். முழங்கையின் உள்பக்கம் நோவெடுத்தால் ஒரு வாரம் நிறுத்திவிடுங்கள். காற்று இல்லாத விடியற்காலையே நல்ல நேரம்.

தவறினால் எங்கே தவறியது என்று தடியே சொல்லும். இடப்பக்கம் போனால் தாமதமாக விட்டிருக்கிறீர்கள், வலப்பக்கம் போனால் முந்தி விட்டிருக்கிறீர்கள். சுழலாமல் தள்ளாடிப் போனால் பிடி இறுகியிருக்கிறது. மேலே எழும்பினால் விடும் கணத்தில் தடியின் முன்விளிம்பு தூக்கலாக இருந்திருக்கும். திருத்தியும் எழும்புகிறது என்றால் கையைக் குறை சொல்லாமல் தடியை மறுபடி ஓட்டின் மேல் வைத்து முறுக்கல் பாருங்கள். ஐந்தாறு மீட்டரிலேயே மண்ணில் குத்தினால் தோள் சரிந்திருக்கிறது. கண்ணை இலக்கிலிருந்து எடுத்துத் தடியைப் பார்த்தால் தோள் தானாகச் சரியும்.

ஆறாம் படி: ஓடும் இலக்கு

நிற்கும் சாக்கு கைவந்தபின், பழைய சைக்கிள் டயருக்குள் வைக்கோலைத் திணித்துக் கட்டி, நீளமான கயிற்றின் மறுமுனையில் ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். இழுப்பவர் இலக்கின் பாதையிலேயே, ஆனால் நீங்கள் எறியும் திசையிலிருந்து, முன்பு சொன்ன 30 மீட்டருக்கு அப்பால் விலகி நிற்க வேண்டும். டயர் அவரிடமிருந்து பாதித் தூரம் இருக்கும்போதே எறிந்துவிட வேண்டும், அதற்குமேல் நெருங்கிவிட்டால் வீசக் கூடாது.

டயர் இருக்கும் இடத்தில் எறிந்தால் தடி போவதற்குள் அது நகர்ந்துவிடும். எவ்வளவு முன்னால் எறிவது என்று கணக்குப் போட்டு எறிய முடியாது. நூறு வீச்சுக்குப் பின் கண் கற்றுக்கொள்ளும். வளரியின் அகலம் உங்களுக்குக் கைகொடுப்பதை இங்கேதான் உணர்வீர்கள். ஒரு முழம் தவறிய வீச்சும் ஓரத்தால் தட்டிவிடும். பழைய வேட்டைக்காரர்கள் முழங்காலுக்குக் கீழே தாழ்த்தி எறிந்ததும் அதற்குத்தான். தலைக்கு மேல் போன தடி வீண். தாழ்ந்த தடியோ தரையில் பட்டுத் துள்ளியும் காலில் படும்.

வைத்துக் காப்பது

எறிந்து முடித்ததும் மண்ணைத் துடைத்து, முனைகளில் மயிர்க்கோடுபோல வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அந்தத் தடியை இனி எறியக் கூடாது. காற்றில் பிளந்தால் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் சுவரில் சாத்திவைத்தால் வளைந்துவிடும். இரண்டு ஆணியில் படுக்கையாக மாட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய் போடுங்கள்.

கைப்பிடிக் குமிழுக்கு அருகே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிவையுங்கள். செம்மண் புஞ்சையில் விழுந்தால் சிவப்பு தெரியாது, அங்கே மஞ்சள். கடலைக் கொடிக்குள் விழுந்த என் நான்காவது தடியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.